இயற்பியலிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தக்கலைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு இயற்பியலில் பி.எஸ்சி. முடித்து, இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பி.எட். படிக்க மனம் ஒப்பவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே படமெடுக்கும் ரேடியோகிராஃபர் ஆக விரும்புகிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பா, மூன்று வருடப் படிப்பும் பாழா என்று வருந்துகிறார். கதிர்வீச்சு பட்டால் நாளைக்குக் குழந்தை பிறக்குமா என்று அம்மா அஞ்சுகிறார். என் முடிவு சரிதானா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள வாசகிக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் முற்றத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்த நிலையில், நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கு அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுசென்றோம். பக்கவாட்டுப் படத்துக்காக உடைந்த காலைப் புரட்டப்போகிறார்கள் என்று அஞ்சி, அவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அங்கிருந்த பெண் ரேடியோகிராஃபர், "அந்தக் காலை நான் தொடவே மாட்டேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, நல்ல காலை மட்டும் மெல்ல உயர்த்தித் தாங்கலில் வைத்து, எக்ஸ்ரே குழாயைக் கிடைமட்டமாகத் திருப்பி, அவரைச் சற்றும் அசைக்காமல் படமெடுத்து முடித்தார். கதிர் நேர்கோட்டில் செல்லும் என்ற பாடம் ஒரு முதியவளின் வேதனையைக் குறைப்பதை அன்றுதான் கண்டேன்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். கிலோவோல்ட்டை உயர்த்தினால் கதிரின் ஊடுருவல் ஏன் கூடுகிறது, எலும்பிலுள்ள கால்சியம் ஏன் வெண்மையாகப் பதிகிறது, 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யில் புரோட்டான்கள் ஏன் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸில் சுழல்கின்றன என்பதையெல்லாம் மற்றவர்கள் மனப்பாடம் செய்யும்போது, நீங்கள் புரிந்துகொண்டு படிப்பீர்கள். ஆனால் பட்டம் இருப்பதற்காக ஆண்டுகள் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள்; பொதுவாக முதலாமாண்டிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும். ரேடியோகிராஃபர் ஆவதற்கான பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகளும் அதன்மேல் ஓராண்டுப் பயிற்சியும். பட்டயப்படிப்பு இரண்டு ஆண்டுகள். சேர்க்கைக்குப் பெரும்பாலும் பார்க்கப்படுவது பிளஸ் டூவில் உயிரியல் படித்தீர்களா என்பதுதான். உயிரியல் இல்லாத கணினிப் பிரிவில் படித்தவர் என்றால், எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியல் இயற்பியல் பட்டயப்படிப்பு வழியாகப் புற்றுநோய்க் கதிர்சிகிச்சைத் துறைக்குச் செல்லும் வழி உண்டு. எந்தப் படிப்பானாலும் அங்கீகாரத்தை நேரில் உறுதிசெய்யாமல் அப்பாவின் உழைப்புப் பணத்தைக் கட்டாதீர்கள். அல்ட்ராசவுண்ட் செய்யும் ஆசை இருந்தால் அதையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: வெளிநாடுகளில் அதைத் தொழில்நுட்பர்கள் செய்கிறார்கள்; இங்கே தகுதிபெற்ற மருத்துவர்களுக்கே அனுமதி.

அம்மாவின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். தொடக்ககால எக்ஸ்ரே பணியாளர்கள் பலர் பாதுகாப்பின்றி வேலைசெய்து விரல்களையும் உயிரையும் இழந்தார்கள். இன்றைய விதிகள் அவர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்தவை. பணியாளர் பெறும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் தெரிவிக்கப்பட்டபின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். சட்டையில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் என்ற சிறு அளவி, உடலில் படும் கதிர்வீச்சின் அளவைப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். தூரம் இருமடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும் என்பதை அம்மாவுக்கு நீங்களே விளக்கலாம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அந்த மணலின் கதிர்வீச்சு இரவும் பகலும் ஓய்வதில்லை. எக்ஸ்ரே குழாயிலோ மின்சாரம் நின்ற கணமே கதிர் நின்றுவிடும். அறையில் எதுவும் தங்குவதில்லை. விதிகளைக் கடைப்பிடிக்கும் இடத்தில் பணிபுரிந்தால், குழந்தைப்பேற்றைப் பற்றி அம்மா கவலைப்படத் தேவையில்லை.

எனக்கு உள்ள ஒரே ஐயம் வேறு. இரத்தமும் வாந்தியும் அலறலுமாக வருகிறவர்களை நள்ளிரவிலும் தொட்டுத் தூக்கிப் படுக்கவைக்க வேண்டிய வேலை இது. அதற்கு உங்கள் மனம் இசையுமா என்பதை இயற்பியல் சொல்லாது. விண்ணப்பிக்கும் முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருங்கள். முடிந்தால் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.