புது போன் வாங்கியாச்சு, இனி?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புது போன் பற்றித்தான். தீபாவளித் தள்ளுபடியின் புண்ணியம்! சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: பழைய போன் படுத்துவிட்டதால் மகன் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தந்தான். திரை பளிச்சென்று இருக்கிறது, போட்டோவும் பிரமாதம். ஆனால் கீழே இருந்த மூன்று பட்டன்களைக் காணோம். பூட்டி வைத்தாலும் திரையில் ஏதேதோ படமும் செய்தியும் வருகிறது. நான் போடாத விளையாட்டெல்லாம் உள்ளே இருக்கிறது. 128 ஜிபி என்று சொன்னார்கள், இப்போதே கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: ஏமாறவில்லை, நிம்மதியாக இருங்கள். புது போன் வந்ததும் எல்லோரும் அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள உட்காருகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை வேண்டாததை அணைப்பதுதான், கற்றுக்கொள்வதெல்லாம் அப்புறம் தானாக நடக்கும்.

முதலில் பட்டன். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் விரலால் இழுத்துத் தள்ளும் முறை பரவலாகிவிட்டது. பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸ் திறந்து, மேலே தேடும் இடத்தில் 'நேவிகேஷன்' என்று அடியுங்கள். மூன்று பட்டன் முறை அங்கேயே இருக்கும், தேர்ந்தெடுத்தால் சரி. மகன் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், போன் உங்களுடையது.

விளையாட்டுகள் கூப்பிடாமல் வந்து தங்கிவிட்ட விருந்தாளிகள். விலை குறைந்த போன்களில் இவற்றை முன்கூட்டியே போட்டுத் தருவதற்குத் தயாரிப்பாளருக்குக் காசு கிடைக்கிறது, அதனால்தான் இத்தனை கூட்டம். படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'அன்இன்ஸ்டால்' வரும், போட்டுத் தள்ளுங்கள். சிலவற்றுக்கு அது வராது, 'டிசேபிள்' மட்டும் வரும். அதுவும் போதும், வாயை மூடிக்கொண்டு கிடக்கும். பூட்டிய திரையில் வரும் படங்களை செட்டிங்ஸில் 'லாக் ஸ்கிரீன்' பகுதிக்குப் போய் அணைக்கலாம். ஒரு முக்கியமான விஷயம்: ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகப் போடும் ஆப்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்ப உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லிவிடுகிறோம், அப்புறம் நாள் முழுக்க டிங் டிங்தான். வங்கி, வாட்ஸ்அப் மாதிரி நாலைந்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

128 ஜிபி சமாச்சாரம் இதுதான். தயாரிப்பாளர் 1 ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார், சில மென்பொருள்கள் 1024ஆல் பெருக்கிப் பெருக்கிக் கணக்குப் போடுகின்றன, அந்தக் கணக்கில் 128 என்பது 119 ஆகிவிடும். மிச்சம் போனது ஆண்ட்ராய்டும் அந்த விருந்தாளிகளும் பிடித்த இடம்.

கேள்வி: முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போடச் சொல்கிறார் கடைக்காரர். பெட்டியில் சார்ஜரே இல்லையே!
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: 8 மணி நேரம் என்பது நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம். இப்போது எல்லாம் லித்தியம் அயனி; வாங்கிய அன்றே சாதாரணமாகப் பயன்படுத்தலாம். அதற்கு ஆகாதது சூடுதான், தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுக்கும் வழக்கத்தை 2020இல் ஐபோன் 12 தொடங்கி வைத்தது, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். காரணம் சுற்றுச்சூழல் என்றார்கள், விலை குறைந்ததாக நான் பார்க்கவில்லை. வீட்டில் நல்ல பழைய சார்ஜர் இருந்து கேபிளும் பொருந்தினால் போடுங்கள், மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

கேள்வி: புது போனில் யுபிஐ போட்டால் 'சரிபார்க்க முடியவில்லை' என்றே வருகிறது. மளிகைக் கடையில் மானம் போகிறது.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: யுபிஐ உங்கள் நம்பரோடு போனையும் சேர்த்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. போன் மாறினால் ஆப் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு செய்யும். இரண்டு சிம் இருந்தால் வங்கியில் கொடுத்த நம்பர் உள்ள சிம்மைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்ப ரீசார்ஜும் இருக்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றுதான். பதிவான முதல் நாளில் பெரிய தொகை போகாமல் வங்கி தடுக்கலாம், பதறாதீர்கள். பதறிப்போய் இணையத்தில் 'கஸ்டமர் கேர்' நம்பர் தேடிக் கூப்பிட்டுவிடாதீர்கள், அங்கேதான் ஆள் வலை விரித்து உட்கார்ந்திருக்கிறான். நம்பரை ஆப்புக்குள்ளிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள்.

கேள்வி: 50 மெகாபிக்சல் கேமரா என்றார்கள். படத்தின் விவரத்தில் 12 என்று காட்டுகிறதே?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் படம் எடுக்கிறது, அதனால் 12 சொச்சம். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளிவாக வர இது உதவும். முழு 50 வேண்டும் என்றால் கேமராவில் தனியாக ஒரு மோடு இருக்கும், கல்யாண மண்டபத்தில் அதைப் போட்டு ஜிபியை வீணாக்காதீர்கள்.

கேள்வி: பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இன்றே வேண்டாம். இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸ்அப்பில் 'சாட்ஸ்' பகுதிக்குள் போய், இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே பழைய உரையாடல் எல்லாம் வந்துவிடும். போட்டோ, வங்கி ஆப் எல்லாம் புதியதில் ஓடுகிறதா என்று சில நாள் பாருங்கள். அப்புறம் கூகுள் கணக்கை நீக்கி, மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்து, ஃபேக்டரி ரீசெட் (உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது) செய்து கொடுங்கள். புது போனில் *#06# அடித்தால் அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண், அதாவது ஐஎம்இஐ எண் வரும். பில்லில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, பில்லை ரேஷன் கார்டு இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். போன் திருடு போனால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கச் சொல்லும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.