கோச் ஆகணும் என்கிற மகனுக்குக் கணிதம் எதற்கு?

அன்புள்ள அக்கா,

உங்கள் கேள்வி இரண்டு வரிதான். மகன் ஒன்பதாம் வகுப்பு, டர்பன் சாட்ஸ்வர்த்தில் பள்ளிக் கால்பந்து அணிக்கு மிட்ஃபீல்டில் ஆடுகிறான். பத்தாம் வகுப்புப் பாடத்தேர்வுப் படிவத்தில், "கணிதம் வேண்டாம், மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) போதும், நான் ஆட்டக்காரனாகி அப்புறம் கோச் ஆகப்போகிறேன்" என்கிறான். அவன் அப்பா, பந்தை உதைத்து யார் பிழைத்தார்கள் என்று கேட்கிறார்.

முதலில் அப்பாவுக்கு. பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், நம் தெருப் பக்கத்திலேயே இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கால்பந்து லீக்கான பிஎஸ்எல் தொடங்கிய முதல் பருவத்தில், 1996-97இல், கோப்பையைத் தூக்கியது சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ். அந்தச் சங்கம் இன்று இல்லை. இரண்டையும் மகனிடம் சேர்த்தே சொல்லுங்கள். சங்கமே காணாமல் போகிற தொழில் இது. முதல் பிரிவில் இருப்பது 16 அணிகள், முழங்கால் ஒருமுறை திரும்பினால் ஒரு பருவமே போய்விடும்.

இப்போது மகனுக்கு. "ஆட்டக்காரனாகி அப்புறம் கோச்" என்று இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாக வைத்திருக்கிறான். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. ஷாபி அலோன்சோவை அவனுக்கு நிச்சயம் தெரியும். ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வென்ற மிட்ஃபீல்டர், 2017இல் 35 வயதில் ஓய்வு பெற்றார். அவ்வளவு பெயர் இருந்தும் அவரை யாரும் நேராகப் பெரிய அணியின் பெஞ்சில் உட்காரவைக்கவில்லை. ரியல் மாட்ரிட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் தொடங்கினார். அப்புறம் ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணி. 2022இல்தான் ஜெர்மனியின் லெவர்குசன், அங்கே 2023-24இல் ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மன் லீக். ஆட்டம் ஒரு தொழில், கோச்சிங் இன்னொன்று. இரண்டாவதில் எல்லாரும் புதுமுகமாகத்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ருலானி மொக்வேனா தொழில்முறை ஆட்டமே ஆடாமல் நம் நாட்டின் பெரிய சங்கமான சன்டவுன்ஸின் தலைமைப் பயிற்சியாளரானவர். கால்பந்தில் பேர்பெற்ற சோனோ குடும்பத்துப் பிள்ளை, வீட்டுச் சோற்றோடு கால்பந்து ஊட்டப்பட்டவர் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் பெரிய ஆட்டக்காரனாகாவிட்டால் கோச்சாக முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்கு அவரே போதும்.

மிட்ஃபீல்டில் ஆடுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. பந்து காலுக்கு வரும் முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனதில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் அந்த இடத்தில் தானாக வரும். உங்கள் மகனிடம் அது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி சொல்கிறேன். டிவியில் ஒரு ஆட்டத்தைச் சத்தம் இல்லாமல் பார்க்கவிடுங்கள். கோல் விழுந்ததும், அதற்கு மூன்று பாஸ் முன்னால் யார் தன் இடத்தை விட்டு நகர்ந்தான் என்று கேளுங்கள். "கீப்பர் விட்டுட்டான்" என்றால் அவன் ரசிகன். "லெஃப்ட் பேக் மேலே போயிட்டான், யாரும் அந்த இடத்தை மூடலை" என்றால் உள்ளே ஒரு கோச் உட்கார்ந்திருக்கிறான்.

கணிதத்துக்கு வருகிறேன். 2011 அக்டோபர், நெல்ஸ்ப்ரூட்டில் நம் தேசிய அணியான பஃபானா பஃபானாவுக்கும் சியரா லியோனுக்கும் நடந்த ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 0-0. ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டோம் என்று மைதானத்தில் நம்மவர்கள் ஆடித் தீர்த்தார்கள். கோல் வித்தியாசத்தில் நாம்தான் முன்னால், சரி. ஆனால் நைஜர், தென்னாப்பிரிக்கா, சியரா லியோன் மூன்றுக்கும் 9 புள்ளி. சமநிலை வந்தால் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பது என்பது விதி. அதன்படி போனது நைஜர். பயிற்சியாளர் பிட்சோ மொசிமானே. நாடே சிரித்தது. அதே மொசிமானே 2016இல் சன்டவுன்ஸுக்கும், 2020, 2021இல் எகிப்தின் அல் அஹ்லிக்கும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் வாங்கித் தந்தார். விதிப்புத்தகமும் அட்டவணையும் எண்ணும் பயிற்சியாளரின் மேசையில்தான் கிடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. கணிதத்திலிருந்து பிறகு மேத்ஸ் லிட்டரசிக்கு இறங்கலாம், அங்கிருந்து ஏறுவது கிட்டத்தட்ட நடக்காது. முடிவு தெரியாதபோது திரும்பக்கூடிய வழியில்தான் நிற்க வேண்டும். கூடவே லைஃப் சயின்ஸையும் எடுக்கட்டும். வெஸ்ட்வில்லில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் படிப்பு இருக்கிறது; பிசியோதெரபி, விளையாட்டு ஆசிரியர் வேலை எல்லாம் அந்தப் பக்கம்தான். சேர்க்கை நிபந்தனை மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவுக்குப் பயப்படாதீர்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கோச்சிங் உரிமம் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறும். வகுப்பு நடத்துவது தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கமான சாஃபா. எப்போது, எந்த வயதிலிருந்து, எவ்வளவு கட்டணம் என்பதை அதன் டர்பன் பகுதிக் கிளையான சாஃபா எத்தெக்வினியில் கேளுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துச் சங்கத்தில் சனிக்கிழமை 10 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோன் அடுக்கவும், பந்து பொறுக்கவும், ஷூ கயிறு கட்டிவிடவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் இந்த ஆசை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பையன்கள் மூன்றாவது சனிக்கிழமையே தூங்கிப்போகிறார்கள், அதுவும் பயனுள்ள தகவல்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "தம்பி நன்றாக ஆடுகிறான், ஜோபர்க்கில் ட்ரையல், இவ்வளவு ராண்ட் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். அவர் பெயர் உரிமம் பெற்ற முகவர்களின் ஃபிஃபா பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். நிஜமாகவே ஒரு சங்கம் ஒப்பந்தம் கொடுத்தால், 18 வயது ஆகாதவரை மூன்று வருடத்துக்கு மேல் கட்டிப்போட ஃபிஃபா விதி இடம் தராது. கையெழுத்துக்கு முன் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். "இங்கேயே இப்போதே போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிவத்தில் கணிதம் என்றே எழுதிக் கொடுங்கள். பயிற்சி இருக்கும் நாட்களில் டியூஷனை நகர்த்துவது என் பொறுப்பு. அவனோடு அவன் அப்பாவும் ஒருநாள் என்னிடம் வரட்டும்.