பழைய பென்ஸுக்கு எந்த கியர் ஆயில்?

கேள்வி: அண்ணா, போன வருஷம் 2004 மாடல் பென்ஸ் இ 270 சிடிஐ ஒன்று வாங்கினேன். நான் மூன்றாவது ஓனர். 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது இரண்டு தொல்லை. 70, 80 வேகத்தில் ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்துப் போகும்போது, குட்டிக் குட்டி வேகத்தடை மேல் ஏறி இறங்குவது போல வண்டி நடுங்குகிறது. சில நாள் சிக்னலில் நின்று கிளம்பினால் இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது.

விற்றவரைக் கேட்டால் ‘லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்’ என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக் ‘இத்தனை வருஷம் கழித்துப் பழைய ஆயிலை எடுத்தால் கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிடும்’ என்கிறார். ஸ்பேர்ஸ் கடையில் ‘சிவப்பு ஆயில் எல்லாம் ஒண்ணுதான்’ என்று டெக்ஸ்ரான் டின்னை எடுத்து வைக்கிறார்கள். மகன், புது பென்ஸுக்கு ஊற்றுகிற நீல ஆயிலை ஆன்லைனில் ஆர்டர் போடட்டுமா என்கிறான். எதைத்தான் ஊற்றுவது?

– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: முதலில் மகனிடம் சொல்லி அந்த ஆர்டரை நிறுத்துங்க. நீல ஆயில் நல்ல ஆயில்தான், உங்கள் வண்டிக்கு இல்லை. அது 236.15 என்ற நம்பர் கொண்டது, ஆயிலுக்கு பென்ஸ் கொடுக்கிற தர நம்பர் அது. 2010-க்குப் பிறகு வந்த ‘7ஜி-டிரானிக் பிளஸ்’ என்கிற ஏழு கியர் பாக்ஸுக்காகச் செய்தது. உங்கள் வண்டியில் இருப்பது 722.6 என்ற ஐந்து கியர் பாக்ஸ். நீலம், சிவப்பு எல்லாம் வெறும் சாயம். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

அடுத்து ஸ்பேர்ஸ் கடை. ‘சிவப்பு எல்லாம் ஒண்ணு’ என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், இதே ஐந்து கியர் பாக்ஸ் உள்ள ஒரு வண்டிக்கு, கடையில் கொடுத்த டெக்ஸ்ரான் 3-ஐ ஊற்றி அனுப்பினேன். வண்டிக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். ஆறே மாதத்தில் வந்து நின்றார். “ஏனுங்க, நீங்க ஆயில் மாத்துனதுக்கு அப்புறந்தானுங்க வண்டி இப்படித் தடதடங்குது” என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. சரியான ஆயிலை என் கைக்காசில் வாங்கி, இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தேன். நடுக்கம் அடங்கியது. லைனிங் தேய்வதற்குள் வந்துவிட்டார், அது என் நல்ல நேரம்.

அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேராகச் சேர்த்துப் பிடிக்கிற லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பாக்ஸில் அது பெரும்பாலான நேரம் இறுக்கிப் பிடிக்காது. இன்ஜின் அதிர்வு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடாது என்று, வேண்டுமென்றே கொஞ்சம் வழுக்கிக்கொண்டே ஓடும்படி செய்திருக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் அப்படி வழுக்க வேண்டுமென்றால், ஆயிலில் அதற்கான மருந்து சரியான அளவில் இருக்க வேண்டும். அது குறைந்தால் கிளட்ச் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். கரும்பலகையில் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்துக் கோடு போட்டால் கிறீச்சென்று கத்திக்கொண்டு புள்ளி புள்ளியாக விழுமே, அதேதான் உங்களுக்கு 70, 80-ல் நடக்கிறது.

இந்த மருந்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள், இந்த வழுக்கலுக்காகத்தான். அருகிவரும் உயிரினம் என்று அதற்குத் தடை வந்தது. மாற்று மருந்து தேடிய ஆரம்ப வருஷங்களில் அங்கே கியர்பாக்ஸ்கள் நிறையவே படுத்தன.

சரி, உங்களுக்கு வேண்டிய நம்பர் 236.14. இந்தப் பாக்ஸுக்கு முதலில் 236.10 என்று கொடுத்தார்கள், பிறகு 236.12, அதன் பிறகு 236.14. பின்னால் வந்தது முன்னதற்குப் பதிலாகச் செல்லும், ஆனால் 236.15-க்குத் தாவக்கூடாது. கம்பெனி டின்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. ஃபுக்ஸ் டைட்டன் ஏடிஎஃப் 4134, ஷெல் ஏடிஎஃப் 134, மொபில் ஏடிஎஃப் 134 ஆகியவை இந்த நம்பருக்கானவை. எது பில்லோடு கிடைக்கிறதோ அதை வாங்குங்க. எதுவானாலும் டின்னின் பின்பக்கத்தைப் படியுங்க. ‘எம்பி அப்ரூவல் 236.14’ என்று இருந்தால் பென்ஸ் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். ‘ரெக்கமெண்டட் ஃபார்’, ‘சூட்டபிள் ஃபார்’ என்று பத்து கார் பெயரை அடுக்கியிருந்தால், அது ஆயில் விற்பவர் தானே கொடுத்துக்கொண்ட சர்டிஃபிகேட். ஊருக்கெல்லாம் ஒரே செருப்பு தைத்தவன் கதை.

‘லைஃப்டைம்’ சொன்னவர் மேல் கோபப்படாதீங்க, அவராக இட்டுக்கட்டியது இல்லை. 1996-ல் இந்தப் பாக்ஸ் வந்தபோது பென்ஸே அப்படித்தான் சொன்னது. பிறகு அவர்களே மனதை மாற்றிக்கொண்டு, 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர் வெயிலிலும் டிராஃபிக்கிலும், அப்பப்போ கோத்தகிரி ஏறி இறங்கினால் அதற்கு முன்பே மாற்றலாம். உங்கள் வண்டி 1,68,000 ஓடியும் ஒரே ஆயிலில்தான் இருக்கிறது என்றால், அந்த ஆயிலிடம் இனிமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

உங்கள் ஊர் மெக்கானிக் சொல்வதிலும் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. கிளட்ச் தகடெல்லாம் தேய்ந்து சாகக் கிடக்கிற பாக்ஸில், அந்தத் தேய்ந்த தூளே ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அதைக் கழுவிவிடும். மறுவாரமே வண்டி நகராது, பழி ஆயில் மாற்றினவன் தலையில். அப்படிப்பட்ட பாக்ஸ் எப்படியும் சில மாதத்தில் போயிருக்கும். உங்களுடையது அந்தக் கட்டத்தில் இல்லை. கியர் மாறும்போது வழுக்குகிறது, ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

ஆனால் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது உங்கள் இரண்டாவது தொல்லையைத்தான். இரண்டாவது கியரில் மாட்டிக்கொள்வதை எந்த ஆயிலும் சரிசெய்யாது. அது பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் முடிவு, எங்கள் பாஷையில் லிம்ப் மோட். எங்கேயோ மின்சாரத் தகவல் தப்பாக வருகிறது.

வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கியர்பாக்ஸின் வலது பக்கம் பாருங்க. வயரிங் வந்து சொருகுகிற ஒரு வட்டமான 13 பின் பிளக் இருக்கும். அதை மெதுவாகத் திருகிக் கழற்றி, உள்ளே ஒரு பட்ஸைவிட்டு எடுங்க. சிவப்பாக நனைந்து வந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். அந்தப் பிளக் அடாப்டரில் இரண்டு ஓ-ரிங் உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் காய்ந்து, கல் மாதிரி ஆகிவிடும். அங்கே கசிகிற ஆயில் கீழே மட்டும் சொட்டாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி வயருக்குள்ளேயே ஏறும். ஏறி ஏறி, ஒரு நாள் கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டருக்கே போய்ச் சேர்ந்துவிடும். அடாப்டர் சின்னச் செலவு, நடுவில் இருக்கும் ஒரே போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். கண்ட்ரோல் யூனிட் பக்க கனெக்டரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்க, ஈரமாக இருந்தால் எலெக்ட்ரிக்கல் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும்.

பிளக் காய்ந்து சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் பாக்ஸுக்குள் இருக்கும் கண்டக்டர் பிளேட். ஸ்பீடு சென்சார் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. கியர்பாக்ஸ் யூனிட்டைத் தனியாகப் படிக்கிற ஸ்கேனரில் போட்டுப் பார்த்துவிட்டு, கோட் அதைச் சொன்னால் மட்டும் மாற்றுங்க. இன்ஜின் கோட் மட்டும் காட்டுகிற மலிவு ஸ்கேனர் இதற்கு உதவாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், இதுதான் எனக்குப் பயம். உங்கள் வரிசை வண்டிகளில், முதல் வருஷங்களில் வந்தவற்றில், ரேடியேட்டருக்குள்ளே கியர் ஆயில் குளிர்கிற பகுதி விட்டுப்போய் கூலன்ட் கியர் ஆயிலில் கலந்த கதைகள் நிறைய. 2004 அந்தச் சந்தேக வட்டத்துக்குள்தான் வருகிறது. கூலன்டில் இருக்கும் கிளைகால், லாக்-அப் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். அதன் முதல் அறிகுறியும் நீங்கள் எழுதிய அதே நடுக்கம்தான். நிறையக் கலந்திருந்தால் ஆயில் ரோஸ் மில்க் கலரில் வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் நிறம் மாறாது. அதனால் ஒரு சின்னப் பாட்டிலில் ஆயில் பிடித்து கிளைகால் டெஸ்ட் செய்யாமல் புது ஆயிலுக்குக் காசு கொடுக்காதீங்க. கலந்திருந்தால் ரேடியேட்டர், கன்வெர்ட்டர், முழு ஃபிளஷ் என்று செலவு வண்டி விலையை எட்டிப் பார்க்கும். அந்த நிலைமை வந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணக்குப் போடுங்க. கலக்கவில்லை என்றாலும், பழைய ரேடியேட்டர் இருந்தால் அதை மாற்றிவிட்டு ஆயிலுக்கு வருவதுதான் என் வழக்கம்.

இத்தனையும் முடிந்த பிறகு ஆயில். பாக்ஸில் மொத்தம் எட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். பேனை, அதாவது பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினால் வடிவது சுமார் நாலு லிட்டர்தான், மீதி கன்வெர்ட்டரில் நின்றுவிடும். முந்தைய வண்டிகளில் கன்வெர்ட்டருக்கும் டிரெய்ன் பிளக் வைத்திருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். உங்களுடையதில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஒரு தடவை மாற்றி, ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றுங்க. பழைய ஆயில் முதல் தடவையில் அரை, அடுத்ததில் கால், மூன்றாவதில் அரைக்கால் என்று குறையும். இரண்டு தடவை போதும். ஃபில்டரும் கேஸ்கெட்டும் முதல் தடவையே மாற்றிவிடுங்க.

பேன் கீழே இறங்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்க. அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதன் மேல் ஈர விபூதி மாதிரி சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தால் வயசுக்கு ஏற்ற தேய்மானம், கவலை வேண்டாம். பளபளவென்று செதில் செதிலாக இருந்தாலோ, ஆயில் கருகின வாசனை அடித்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுப் பேசுங்க.

லெவல் பார்ப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இந்த வண்டியில் டிப்ஸ்டிக் குழாய் இருக்கும், உள்ளே குச்சி இருக்காது, மூடி மட்டும்தான். வொர்க்‌ஷாப்பில் அதற்கென்று ஒரு நீளமான குச்சி வைத்திருக்க வேண்டும். ஆயில் 80 டிகிரி சூட்டில், சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பார்க்காமல், கையை வைத்துப் பார்த்து ‘ஆயிடுச்சுங்க’ என்று சொல்கிற கடையாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்க. அதிகமானால் நுரைக்கும், குறைந்தால் வழுக்கும்.

கடைசியாக, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் நடுக்கம் நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்க. நின்றால் லாக்-அப் மேல்தான் சந்தேகம். வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் டயர் பேலன்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங், இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் கியர்பாக்ஸ் பக்கமே வர வேண்டும்.

கேள்வி: 2008 பிஎம்டபிள்யூ 530டி. கியர் ஃபில்டர் மட்டும் மாற்ற முடியாது, பேனையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். தலையில் கட்டுகிறார்களா?

– ஒரு வாசகி, சேலம்

பதில்: இல்லைங்க, உண்மைதான். உங்கள் இசட்எஃப் ஆறு கியர் பாக்ஸில் பிளாஸ்டிக் பேனும் ஃபில்டரும் ஒரே வார்ப்பு. இங்கேயும் ‘லைஃப்டைம்’ பேச்சு உண்டு. ஆனால் பாக்ஸ் செய்த இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. ஆயில் இசட்எஃப் லைஃப்கார்டு 6. வயரிங் நுழைகிற இடத்தில் இருக்கும் மெக்கட்ரானிக் ஸ்லீவையும் அப்போதே மாற்றிவிடுங்க. இதில் லெவல் 30-லிருந்து 50 டிகிரிக்குள் பார்க்க வேண்டும். அதனால் ஆயில் நன்றாக ஆறியிருக்க, முதல் நாள் ராத்திரியே வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வந்துவிடுங்க.

கேள்வி: கியர்பாக்ஸ் லீக்கை நிறுத்த ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் போதும் என்கிறார்களே?

– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: அது ரப்பர் சீலை உப்ப வைக்கும். கசிகிற சீலை மட்டும் தேடிப்போய் உப்ப வைக்கத் தெரியாது, உள்ளே இருக்கும் எல்லா ரப்பரையும் உப்ப வைக்கும். முதலில் லீக் கியர்பாக்ஸிலா என்றே நீங்கள் எழுதவில்லை. ராத்திரி வண்டிக்கடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டு, காலையில் போட்டோ எடுத்து அனுப்புங்க. கருப்புக் கறை இன்ஜின் ஆயில், சிவப்பு கியர் அல்லது ஸ்டியரிங், வெறும் தண்ணீர் என்றால் ஏசி. அட்டையில் வண்டியின் முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்க. போன மாதம் ஒருவர் தலைகீழாக அனுப்பி, அரை மணி நேரம் டிஃபரன்ஷியலைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தோம்.