ஜட்லாண்ட்: கவசமா, கதவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1916 மே 31, வட கடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் போரில் மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூஸர்கள் (பெரிய பீரங்கிகளும் அதிக வேகமும் கொண்ட போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறின. வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்ததுதான் காரணம் என்று படித்தேன். அவ்வளவுதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. இன்டிஃபாட்டிகபிள், இன்வின்சிபிள் இரண்டுக்கும் பக்கக் கவசம் 152 மி.மீ.தான். ஆனால் 229 மி.மீ. கவசமிருந்த குவீன் மேரியும் வெடித்ததே?

ஜெர்மனியின் போர்க்குரூஸர் செய்ட்லிட்ஸைப் பாருங்கள். 1915 ஜனவரி 24, வட கடலின் டாகர் பாங்க் மோதலில் பிரிட்டிஷ் போர்க்குரூஸர் லயன் சுட்ட 343 மி.மீ. குண்டு, செய்ட்லிட்ஸின் பின்புற டரட்டின் (பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கவசக் கூண்டின்) அடிப்பகுதியில் சுமார் 230 மி.மீ. கவசத்தைத் துளைத்தது. தீ கீழே இறங்கி, திறந்திருந்த இணைப்புக் கதவு வழியே அடுத்த டரட்டுக்கும் தாவியது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிமருந்து அறைகளுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டதும் தீ அடங்கியது, கப்பல் ஊர் திரும்பியது.

வித்தியாசம் வெடிமருந்தில் இருக்கிறது. ஜெர்மானியர்கள் உந்துமருந்தின் (குண்டைப் பீரங்கியிலிருந்து தள்ளும் மருந்தின்) பெரும்பகுதியைப் பித்தளை உறையில் வைத்தார்கள். தீப்பட்டால் எரியும், ஆனால் எல்லாம் ஒரே கணத்தில் பற்றாது. பிரிட்டிஷ் உந்துமருந்தான கார்டைட் வெறும் பட்டுப் பையில் இருந்தது. சட்டென்று பற்றிக்கொள்ள முனையில் கறுப்பு மருந்து வேறு. வெட்டவெளியில் கார்டைட் எரியத்தான் செய்யும். மூடிய இரும்பு அறைக்குள் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

அதைவிடப் பெரிய தவறு பழக்கத்தில். வேகமாகச் சுட வேண்டும் என்ற வெறியில் மருந்து அறைக் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள்; பைகளைப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே அடுக்கினார்கள். மேலே டரட்டில் ஒரு குண்டு வெடித்தால் தீ, குண்டும் மருந்தும் மேலே ஏற்றும் தூக்கிக்குழாய் வழியே அடிவரைக்கும் இறங்க வழி போட்டுக் கொடுத்தாயிற்று. மூன்று கப்பல்களிலும் 3,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

லயனுக்கும் அன்று அதே கதிதான் வந்திருக்கும். அதன் கன்னர் (பீரங்கி, வெடிமருந்துப் பொறுப்பாளர்) அலெக்சாண்டர் கிரான்ட் முன்பே கெடுபிடி செய்து, வெளியே வைக்கும் பைகளைக் குறைத்திருந்தார். நடு டரட்டில் அடி விழுந்ததும், உயிர் போகும் நிலையிலும் அந்த டரட்டின் தலைவர் மேஜர் ஹார்வி கதவை அடைத்துத் தண்ணீர் விடச் சொன்னார். பிறகு மிச்சப் பைகள் தீப்பற்றி, டரட்டில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் மாண்டார்கள். மூடிய கதவு தாங்கிவிட்டது.

கவசத்தின் மேல் பழிபோடுவது எல்லோருக்கும் வசதி. அந்த வடிவமைப்புக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஃபிஷர் 1915லேயே விலகிப் போய்விட்டவர். திருத்தமோ இரண்டிலும் செய்தார்கள். கவசமும் கூட்டினார்கள், தீ தாண்டாத அடைப்புகளும் வந்தன. பிற்காலக் கப்பல்களில் ஒரு கதவு மூடாமல் அடுத்தது திறக்காதபடி பூட்டிணைப்பு வைத்தார்கள். 1941 மேயில் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்குடன் மோதியபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பீரங்கிகள் அடிக்கடி நின்றுபோனதற்கு அந்தச் சிக்கலான பூட்டும் ஒரு காரணம்.