எக்செல் தாளில் மேக்ரோ பொத்தான்: கேள்வி பதில்

மேக்ரோ என்பது எக்செல் தானாகச் செய்து முடிக்கும்படி பதிவு செய்த அல்லது எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு. விண்டோஸ் கணினியில் நிறுவப்பட்ட எக்செல்லை மனத்தில் கொண்டே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இறுதியில் பதில் உள்ளது.

கேள்வி (கணக்கர் ஒருவர்): மேக்ரோவைப் பதிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஆல்ட், எஃப்8 விசைகளை அழுத்திப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது தொல்லையாக இருக்கிறது. தாளிலேயே ஒரு பொத்தான் வைக்க வேண்டும். ஆனால் எல்லோரும் சொல்லும் டெவலப்பர் டேப் என் திரையில் இல்லை.

பதில்: அந்த டேப் இயல்பாக மறைந்தே இருக்கும். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் பெட்டியைத் திறந்து, கஸ்டமைஸ் ரிப்பன் பகுதியின் வலப்பக்கப் பட்டியலில் டெவலப்பர் என்பதற்கு டிக் இடுங்கள். பிறகு அந்த டேப்பில் இன்சர்ட்டைச் சொடுக்கி, ஃபார்ம் கன்ட்ரோல்ஸ் வரிசையிலுள்ள பொத்தானைத் தேர்ந்து, தாளில் வேண்டிய இடத்தில் மவுஸால் இழுத்து வரையுங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி வரைந்தால் விளிம்புகள் செல்களின் கோட்டோடு ஒட்டி நிற்கும். மவுஸை விட்டவுடன் அசைன் மேக்ரோ பெட்டி தானாகத் திறக்கும். நீங்கள் எழுதிய மேக்ரோ அதில் தென்படவில்லை என்றால், அது பிரைவேட் என்று அறிவிக்கப்பட்டிருக்கலாம், அல்லது அடைப்புக்குறிக்குள் உள்ளீடு கேட்பதாக இருக்கலாம். இவ்விரண்டு வகையும் பட்டியலில் வராது.

கேள்வி (பள்ளி அலுவலர்): பொத்தானுக்குப் பச்சை நிறம் கொடுக்க முயன்றேன், எழுத்தின் நிறம் மட்டுமே மாறுகிறது. ஆக்டிவ்எக்ஸ் பொத்தானுக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஃபார்ம் கன்ட்ரோல் பொத்தானின் முகப்பு நிறத்தை மாற்ற இயலாது என்பது உண்மைதான். ஆனால் ஆக்டிவ்எக்ஸ் என்பது விண்டோஸுக்கு மட்டுமான பழைய தொழில்நுட்பம், மேக் கணினியில் இயங்காது. ஆஃபீஸ் 2024 பதிப்பிலிருந்து விண்டோஸிலும் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது. நிறத்துக்காக மட்டும் அந்தச் சிக்கலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இன்சர்ட் டேப்பில் ஷேப்ஸ் என்பதிலிருந்து முனை மழுங்கிய செவ்வகம் ஒன்றை வரைந்து, நிறமும் எழுத்தும் விருப்பப்படி அமைத்து, ரைட் கிளிக் செய்து அசைன் மேக்ரோவைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தும்போது உள்ளே அமுங்குவது போன்ற தோற்றம் மட்டும் வராது. அது பெரிய இழப்பன்று. பின்னர் திருத்த நேர்ந்தால், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்குங்கள். மேக்ரோ ஓடாமல் வடிவம் மட்டும் தேர்வாகும்.

கேள்வி (மளிகைக் கடை நடத்துபவர்): சரக்குப் பட்டியலில் ஃபில்டர் போட்டால் பொத்தான் நசுங்குகிறது, சில நேரம் காணாமலே போகிறது.

பதில்: வரையும் வடிவங்கள் செல்களோடு சேர்ந்து நகரவும் சுருங்கவும் இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கும், ஃபில்டர் மறைக்கும் வரிகளோடு அவையும் மறைகின்றன. வடிவத்தின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் நகரவும் வேண்டாம், அளவு மாறவும் வேண்டாம் என்ற தேர்வை இடுங்கள். அதைவிட நல்ல வழி, தாளின் உச்சியில் இரண்டு வரிகளை ஒதுக்கி, பொத்தான்களை அங்கே வைத்து, அவ்வரிகள் நகராதபடி ஃப்ரீஸ் செய்துவிடுவது. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பொத்தான் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும்.

கேள்வி (தணிக்கை உதவியாளர்): பொத்தானுள்ள தாளை வேறு கோப்புக்கு நகலெடுத்தேன். அங்கே அழுத்தினால் பழைய கோப்பு திறக்கிறது. அதே கோப்பை நண்பருக்கு அனுப்பினால் மேக்ரோவை இயக்க முடியவில்லை என்று செய்தி வருகிறது.

பதில்: பொத்தான் அழைப்பு மணியின் சுவிட்சைப் போன்றது, மணி வேறிடத்தில் இருக்கிறது. பொத்தானுக்குள் நிரல் எதுவும் இல்லை, எந்தக் கோப்பில் எந்தப் பெயருள்ள மேக்ரோ என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. தாளை நகலெடுக்கும்போது அந்தக் குறிப்பு பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும்; மேக்ரோவின் பெயரை மாற்றினாலும் பொத்தானுக்கு அது தெரியாது. எனவே ஆல்ட், எஃப்11 அழுத்தி எடிட்டரைத் திறந்து, மேக்ரோ உள்ள மாடியூலை (நிரல் எழுதப்பட்ட பக்கத்தை) புதிய கோப்புக்கு இழுத்துவிட்டு, பொத்தானுக்கு மீண்டும் அசைன் செய்யுங்கள். சேமிக்கும்போது எக்ஸ்எல்எஸ்எம் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பில் மேக்ரோ தங்காது.

நண்பருக்கு வேறொரு தடையும் இருக்கலாம். மின்னஞ்சல் அல்லது இணையம் வழியே வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல் கொண்டுவந்தது. அனுப்பியவரையும் கோப்பையும் உறுதியாக நம்பினால் மட்டும், கோப்பை வட்டில் சேமித்து, ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியின் அடியில் உள்ள அன்பிளாக் என்பதற்கு டிக் இட்டுத் திறக்கச் சொல்லுங்கள். மேக்ரோ பாதுகாப்பை முழுவதும் தளர்த்திவிடுமாறு யாரேனும் அறிவுரை கூறினால் கேட்க வேண்டாம்.

கேள்வி (கூட்டுறவுச் சங்க ஊழியர்): பொத்தானில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அழுத்தியபின் வரும் செய்திப் பெட்டியில் வெறும் கேள்விக்குறிகள் வருகின்றன. எழுத்துரு குறையா?

பதில்: எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எல்லா மொழி எழுத்துகளையும் உள்ளடக்கிய யூனிகோடை எக்செல் தாள் முழுமையாக ஏற்கிறது. ஆனால் மேக்ரோ எழுதும் விஷுவல் பேசிக் எடிட்டர் இன்னும் விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணைகளையே நம்பியிருக்கிறது. ரஷ்ய மொழிக்கு அத்தகைய அட்டவணை இருப்பதால் கணினியின் மொழி அமைப்பை மாற்றி ரஷ்யர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். தமிழுக்கு விண்டோஸில் அப்படியோர் அட்டவணை இருந்ததே இல்லை. ஆகவே நிரலுக்குள் தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்ய வேண்டாம். செய்திகளை எல்லாம் ஒரு தனித்தாளில் செல்களில் எழுதி, அந்தத் தாளை மறைத்துவிட்டு, மேக்ரோ அங்கிருந்து படிக்குமாறு அமையுங்கள். படித்ததைச் சாதாரணச் செய்திப் பெட்டியில் காட்டினால் அங்கும் கேள்விக்குறியே வரும், ஏனெனில் அந்தப் பெட்டியும் பழைய முறையினதே. பொத்தானுக்கு அருகில் ஒரு செல்லிலோ, யூசர்ஃபார்மில் (நாமே வடிவமைக்கும் உரையாடல் பெட்டியில்) வைத்த லேபிளிலோ காட்டினால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். சற்று வேலைதான், ஆனால் பின்னாளில் வாசகத்தைத் திருத்த விரும்பும் ஊழியர் நிரலைத் தொடவே வேண்டியிராது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை.

கேள்வி (அதே ஊழியர்): பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு பொத்தான்கள் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மேக்ரோக்கள் எழுத வேண்டுமா?

பதில்: ஒன்றே போதும். அப்ளிகேஷன் காலர் என்னும் பண்பு, எந்தப் பொத்தான் அழைத்தது என்பதை அதன் பெயராகத் தரும். பொத்தானைத் தேர்ந்துகொண்டு, ஃபார்முலா பட்டையின் இடக்கோடியிலுள்ள பெயர்ப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மேக்ரோவை அசைன் செய்யுங்கள்.

கேள்வி (தட்டச்சுப் பணியாளர்): தாளைப் பூட்டியபின் பொத்தானை அழுத்தினால் 1004 என்ற பிழை வருகிறது.

பதில்: பூட்டிய செல்லில் மேக்ரோ எழுத முயல்வதால் வரும் பிழை அது. தாளைப் பூட்டும் கட்டளையிலேயே, பூட்டு பயனருக்கு மட்டும், மேக்ரோவுக்கு இல்லை என்று குறிக்கும் யூசர் இன்டர்ஃபேஸ் ஒன்லி என்ற தேர்வு உண்டு. கோப்பை மூடினால் அது மறைந்துவிடும். எனவே கோப்பு திறக்கும் போதெல்லாம் அதை மீண்டும் இடும்படி எழுதுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தாளை மாற்றும் மேக்ரோ ஓடி முடிந்ததும் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். ஆகவே அழிக்கும் பொத்தானை அச்சிடும் பொத்தானுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி (லிப்ரே ஆஃபீஸ் பயனர்): அதன் விரிதாள் மென்பொருளான கால்க்கில் இது முடியுமா?

பதில்: முடியும். ஃபார்ம் கன்ட்ரோல்ஸ் கருவிப்பட்டையிலிருந்து பொத்தானை வரைந்து, டிசைன் மோடில் (பொத்தானைத் திருத்தும் நிலையில்) அதன் கன்ட்ரோல் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஈவென்ட்ஸ் பகுதியில் மேக்ரோவை இணையுங்கள். டிசைன் மோடை அணைத்த பிறகே பொத்தான் வேலை செய்யும்.

கேள்வி (கைபேசியில் வேலை செய்பவர்): கூகுள் ஷீட்ஸில் டிராயிங் வரைந்து ஸ்கிரிப்டை இணைத்தேன். கணினியில் ஓடுகிறது, கைபேசியில் அசையவே இல்லை.

பதில்: கைபேசிச் செயலியில் டிராயிங் பொத்தான்கள் இயங்குவதில்லை. ஒரு செல்லில் செக்பாக்ஸ் வைத்து, அது டிக் ஆனவுடன், செல் மாறும்போது தானாக ஓடும் ஆன்எடிட் நிகழ்வு உங்கள் ஸ்கிரிப்டை அழைக்கும்படியும், வேலை முடிந்ததும் டிக்கை நீக்கும்படியும் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் மின்னஞ்சல் அனுப்புவது போல அனுமதி தேவைப்படும் வேலையைச் செய்வதானால், எளிய ஆன்எடிட் போதாது. ட்ரிகர்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு ட்ரிகரை (ஸ்கிரிப்டைத் தானாகத் தொடங்கும் ஏற்பாட்டை) நிறுவ வேண்டும்.