ரபியும் பங்குச் சாமியாரும் ஒரே மேடையில்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இப்போது நியூயார்க்கில் வேலை. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் யூதர், மரபைத் தளர்த்திய ரிஃபார்ம் பிரிவைச் சேர்ந்தவர். ரபியும் (யூத மதகுரு) சாமியாரும் சேர்ந்து நின்று கல்யாணத்தை நடத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை. பூசை இல்லாமல் கல்யாணமா என்று அம்மா கேட்கிறார். 2027 மே 22 சனிக்கிழமை மாலைக்கு ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது? பிறகு ஊருக்கு வந்து எங்கள் பங்குக் கோயிலில் இன்னொரு தடவை கல்யாணம் மந்திரித்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முன்பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் இருவரின் சம்மதத்தைக் கேட்கப்போவது யார், ரபியா, குருவானவரா? இருவரும் கேட்க முடியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1127-ஆம் எண் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. ஒரே சடங்கில் இரண்டு பேர் அவரவர் முறைப்படி சம்மதம் கேட்பதும் கூடாது, அதற்கு முன்னோ பின்னோ வேறொரு மதச் சடங்கில் அதே சம்மதத்தைத் திரும்பக் கொடுப்பதும் கூடாது. ஊரில் இரண்டாவது மந்திரிப்புக்கு இடமில்லாததும் இதனால்தான். ஊருக்கு வரும்போது நன்றிப் பூசை வைத்து ஆசீர் வாங்கலாம். தாலி கட்டும் ஆசை இருந்தால், சம்மதக் கேள்வி இல்லாமல் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் 1086-ஆம் எண்படி மறைமாவட்டத்தின் விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, வேண்டும். திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கரும் திருமுழுக்குப் பெறாதவரும் செய்யும் திருமணம், இந்த விலக்கு இல்லாவிட்டால் திருச்சபையின் கண்ணில் செல்லாது. ரபி நடத்துவதாக இருந்தால் இதோடு இன்னொரு விலக்கும் கேட்க வேண்டும்: குருவானவர் முன்னிலையில்தான் மணக்க வேண்டும் என்ற விதியிலிருந்து. பலர் முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு ஹுப்பா என்ற யூதத் திருமணப் பந்தலின் கீழ் நின்றுவிடுகிறார்கள். அந்தத் திருமணமும் செல்லாது. விண்ணப்பம் தூத்துக்குடி வழியாகப் போகாது. இப்போது நீங்கள் வசிக்கும் பங்கின் சாமியார்தான் அதை எழுதி மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார். குறைந்தது ஆறு மாதத்துக்கு முன் அவரைப் பாருங்கள். ஒன்பது மாதம் இருந்தால் நிம்மதி.

உங்களுக்கு நான் சொல்வது ரபி நடத்தும் வழியை. கோயிலுக்குள் வந்து திருமணத்தில் பங்கெடுக்க ரிஃபார்ம் ரபிகளிலேயே பலர் சம்மதிப்பதில்லை. மரபை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் கன்சர்வேட்டிவ், ஆர்த்தடாக்ஸ் பிரிவுகளின் ரபிகள் கலப்புத் திருமணத்தை நடத்துவதே இல்லை. ரபி நடத்தும் சடங்குக்குச் சாமியார் வரலாம், வாசகம் வாசிக்கலாம், ஜெபம் சொல்லி ஆசீர் கொடுக்கலாம். நீங்கள் ஆசைப்பட்ட ஒரே மேடை இந்த அளவுக்குக் கிடைக்கும். சாமியாரின் பங்கு எது என்பதை எழுத்தில் வைத்து, இருவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். கூடவே சாமியார் இருந்தால் வரமாட்டேன் என்கிற ரபிகளும் உண்டு, அதனால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கோயிலிலேயே மணந்தாலும் பூசை இருக்காது. திருமுழுக்குப் பெறாதவரை மணக்கும்போது இறைவாக்கு, சம்மதம், மோதிரம், ஆசீர் என்று நற்கருணை இல்லாத தனிச் சடங்குதான். ரபியைத் தேர்ந்தெடுத்ததால் பூசை போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி, எல்லோரும் தள்ளிப்போடுகிற விஷயம். விலக்குக் கேட்கும்போது ஒரு வாக்குறுதி கொடுப்பீர்கள்: பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று. அது உங்களுடைய வாக்குறுதி மட்டுமே. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எதையும் வாக்களிக்க வேண்டியதில்லை, நீங்கள் வாக்களித்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறுபக்கத்தில், பிள்ளைகளை யூதர்களாக வளர்ப்போம் என்ற உறுதியை வாங்கிக்கொண்டுதான் திருமணத்தை நடத்த வருவேன் என்று சொல்லும் ரபிகள் இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. தாய் யூதர் இல்லையென்றால் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகள் பிள்ளையை யூதராகக் கணக்கில் எடுப்பதில்லை. ரிஃபார்ம் பிரிவு 1983 முதல் தந்தை வழியையும் ஏற்கிறது, ஆனால் பிள்ளை யூதராக வளர்க்கப்பட வேண்டும். இரண்டு பேருக்கும் இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். முதல் குழந்தை பிறந்த எட்டாம் நாள், விருத்தசேதனத்துக்குத் தாத்தா பாட்டி வந்து நிற்கும்போது அந்தப் பேச்சைத் தொடங்குவது கொடுமை. கெத்துபா என்ற திருமண ஒப்பந்தத்தின் வாசகத்தையும் கையெழுத்துக்கு முன்பே வாங்கி, உங்கள் வாக்குறுதியின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ‘யூத இல்லம் அமைப்போம்’ என்ற வரி கலப்புத் திருமண வாசகங்களிலும் வருவதுண்டு. மாற்றச் சொன்னால் மாற்றித் தருவார்கள், ஆனால் சித்திர எழுத்தில் எழுதி முடித்த பிறகு மாற்ற முடியாது.

தேதிக்கு வருவோம். மே 22 இரண்டு வகையில் இடிக்கிறது. நியூயார்க்கில் அந்த வாரம் சூரியன் மறைய இரவு எட்டே கால் ஆகும், ஷப்பாத் என்ற யூத ஓய்வுநாள் முடிய ஒன்பதை ஒட்டிவிடும். அதற்கு முன் எந்த மாலை முகூர்த்தத்துக்கும் பல ரபிகள் வரமாட்டார்கள். அது ஓமேர் காலமும்கூட. பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து ஷாவுவோத் திருநாள் வரை 49 நாள் எண்ணும் அந்த நாட்களில் மரபு வழுவாதவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ரிஃபார்ம் ரபிகள் இதைத் தளர்த்துவதுண்டு, மாமியார் வீட்டுப் பெரியவர்கள் தளர்த்துவார்களா என்று கேட்டுப்பாருங்கள். 2027-இல் ஷாவுவோத் ஜூன் 10 மாலை தொடங்குகிறது. ஜூலை 22-இலிருந்து ஆகஸ்ட் 12 வரை யூதர்களின் மூன்று வாரத் துக்க காலம். இடையில் ஜூன் 13 முதல் ஜூலை 18 வரை வரும் ஞாயிறுகள் உங்களுக்கானவை. பல அமெரிக்கப் பங்குகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருமணம் வைப்பதில்லை. மண்டபத்தில் ரபி நடத்தும்போது அந்தச் சிக்கலும் இல்லை.

ஹுப்பாவின் கீழ் போடும் மோதிரம் கல் பதிக்காத, துளையில்லாத ஒரே உலோக வளையமாக இருப்பது வழக்கம். நிச்சயத்துக்கு வாங்கிய வைர மோதிரத்தை அங்கே எடுக்காதீர்கள். உடைக்கும் கண்ணாடிக் கோப்பையைக் கெட்டித் துணியில் சுற்றுங்கள். சாப்பாடு சைவம் என்பதாலேயே கோஷர் (யூத உணவு விதிக்கு ஏற்றது) ஆகிவிடாது, திராட்சை ரசமும் பாலாடைக்கட்டியும் மாட்டிவிடும். கட்டுப்பாடானவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்களுக்கு மட்டும் மூடி முத்திரையிட்ட கோஷர் பொட்டலம் வரவழைப்பது செலவு குறைவு.

அரசுத் தாளில் இழுபறி அதிகமில்லை. நியூயார்க் மாநிலத் திருமண உரிமம் வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் சடங்கு நடக்கலாம், 60 நாளில் காலாவதியாகும். மாநில எல்லை தாண்டினால் செல்லாது. மண்டபம் நியூ ஜெர்சிப் பக்கம் என்றால் அங்கே தனி உரிமம் வேண்டும், காத்திருப்பும் 72 மணி நேரம். திருமணத்தை நடத்தியவர் என்று உரிமத்தில் கையெழுத்திடுபவர் ரபி மட்டும், சாமியார் அல்ல. இந்தியாவில் காட்டச் சான்றிதழின் ஒரு பிரதிக்கு அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் ஏற்கப்படும் சான்று முத்திரை வாங்கி வையுங்கள்.

தூத்துக்குடிக்கு இந்த வாரமே எழுத வேண்டியது இரண்டு. முதலாவது, புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ். ஆறு மாதத்துக்குள் வழங்கியதைத்தான் இங்கே கேட்பார்கள், ஏனென்றால் வேறு திருமணம் நடந்திருந்தால் அது பதிவேட்டின் ஓரக்குறிப்பில் இருக்கும். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருக்கும் பழைய தாள் உதவாது. இரண்டாவது, நீங்கள் மணமாகாதவர் என்று உங்கள் பெற்றோர் பங்குச் சாமியார் முன் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. ஊரில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பது செய்யும் வேலையை இங்கே அதுதான் செய்கிறது. திருமணம் முடிந்ததும் நியூயார்க் பங்கிலிருந்து தூத்துக்குடிப் பதிவேட்டுக்குத் தகவல் போக வேண்டும். ரபி நடத்திய திருமணங்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. மூன்று மாதம் கழித்து அப்பாவைப் பங்கு அலுவலகத்துக்கு அனுப்பி, உங்கள் பெயருக்கு நேரே ஓரக்குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.