கேள்வி – பதில்: தொட்டியை அடைத்துக்கொண்ட வாலிஸ்நேரியா

இரண்டடி மீன் தொட்டியில், நாடாபோல் நீண்ட இலை விடும் நீர்ச்செடியான வாலிஸ்நேரியா ஆறே ஆறு நட்டேன். எட்டு மாதத்தில் முன்கண்ணாடி வரை வந்துவிட்டது. போன வாரம் மொத்தத்தையும் பிடுங்கி, பாதியைத் திரும்ப நட்டேன். தண்ணீர் கலங்கி இரண்டு கப்பி மீன்கள் இறந்துவிட்டன. நட்ட செடிகளும் கூழாகின்றன. எங்கே தவறு?
– வாசகி, மதுரை

ஒரே நாளில் மொத்தத்தையும் பிடுங்கியதுதான் தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் பெரும்பங்கை இத்தனை நாளும் அந்தச் செடிகள்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்ததோடு, சரளைக்குள் மாதக்கணக்கில் படிந்திருந்த அழுக்கையும் கிளறிவிட்டீர்கள். இப்போதைக்குச் சரளையைத் தொடாதீர்கள். நாலைந்து நாளைக்குத் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். இரையைப் பாதியாக்குங்கள். தண்ணீர் மாற்றும்போது பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவிவிட வேண்டாம். அதில் வாழும் பாக்டீரியாதான் மிச்ச அமோனியாவைச் சமாளிக்கிறது.

கூழான செடிகளையும் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். இடம் மாற்றினால் வாலிஸ்நேரியா பழைய இலைகளை உதிர்ப்பது வழக்கம். இலைகள் ஒன்றுகூடுகிற குருத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடிருக்கிறது, இரண்டு மூன்று வாரத்தில் புது இலை விடும். கொழகொழத்து நாறினால் எடுத்துவிடுங்கள். குருத்து சரளைக்குள் புதைந்தால் அழுகும் என்பதால், கொஞ்சம் ஆழமாக நட்டுவிட்டு, குருத்து வெளியே தெரியும்வரை மெல்ல மேலே இழுத்து விடுவதே சரியான முறை. வேர் நீளமாக இருந்தால் 3, 4 செ.மீ. விட்டு நறுக்கிக்கொள்ளலாம்.

இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் எடுங்கள். தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி, சங்கிலி கோத்ததுபோல் கன்று மேல் கன்றாக விட்டுக்கொண்டே போகும். ஒன்றை இழுத்தால் நாலைந்து சேர்ந்து வருவது இதனால்தான். முதலில் கன்றின் இரு பக்கமும் ஓடுதண்டைக் கத்தரியுங்கள். பிறகு விரலைச் சரளைக்குள் விட்டு, வேரோடு மெதுவாகக் கிளப்புங்கள். அதே நேரம் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் சிஃபன் குழாயின் வாயை அருகில் வைத்திருந்தால், எழும் அழுக்கு பரவாமல் வாளிக்குப் போய்விடும். நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்த கன்றுகளை மட்டும் பின்வரிசையில் 5 செ.மீ. இடைவெளியில் நடுங்கள்.

நிரந்தரமாகக் கட்டுப்படுத்த, அந்தப் பின்வரிசைக்கு முன்னால் 3 மி.மீ. அக்ரிலிக் பட்டையைத் தொட்டியின் அடிக்கண்ணாடியைத் தொடும்படி இறக்கி, சரளைக்கு மேலே 2 செ.மீ. நீட்டி வையுங்கள். தண்டு அதையும் ஏறித் தாண்டப் பார்க்கும். வாரம் ஒருமுறை பார்த்துக் கத்தரித்தால் போதும்.

இலை நீண்டுவிட்டதென்று நடுவில் வெட்டினால் வெட்டுவாய் பழுப்பேறிவிடும். வெளிப்புறத்து முதிர்ந்த இலையை அடியோடு எடுப்பதே நல்லது. இன்னொன்று: செடி வளர்ச்சிக்கென்று ‘திரவ கார்பன்’ என விற்பதில் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி இருக்கும். வாலிஸ்நேரியா அதைத் தாங்காது.

தொட்டியில் வளர்க்கும் ஹைக்ரோபிலா என்ற தண்டுச்செடி மேலே புதராகவும் அடியில் மொட்டையாகவும் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

மேல்புதர் வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் அடி இலைகள் உதிர்கின்றன. நுனியிலிருந்து 12 – 15 செ.மீ. அளந்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியிலுள்ள இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் புதையும்படி இடுக்கியால் நடுங்கள். வேர் அங்கிருந்துதான் வரும். கொத்தாகச் சேர்த்து நட்டால் நடுத்தண்டுகள் அழுகும். ஒவ்வொன்றாக 2, 3 செ.மீ. விட்டு நட வேண்டும். பழைய அடித்தண்டை விட்டுவைத்தால் இரண்டு கிளை விடும். நாலு தடவை வெட்டியபின் அது சோர்ந்துபோகும், அப்போது பிடுங்கிவிடலாம்.

டக்வீட் என்ற பொடிப்பொடியான மிதக்கும் செடி மேற்பரப்பு முழுக்க மூடிவிட்டது. ஒழிக்க வழி உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

மருந்து வேண்டாம், மற்ற செடிகளும் போய்விடும். சிறு வலையால் அள்ளிய பின், கண்ணாடி ஓரத்திலும் பில்டர் இடுக்கிலும் மூடியின் அடியிலும் ஒட்டியிருப்பதைத் துடையுங்கள். ஒன்று தப்பினாலும் சில நாளில் இரண்டாகும். அதனால் இரண்டு வாரத்துக்குத் தினமும் அள்ள வேண்டும். பில்டரின் வெளிவாய் நீர்ப்பரப்பைச் சலசலக்க வைத்தால் பெருக்கம் குறையும். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் அள்ளியதை அதற்கே போடலாம், விரும்பித் தின்னும்.

வெட்டிய செடிகளை ஏரியில் விடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

கூடவே கூடாது. கால்வாய், கிணறு, சாக்கடை எதிலும் வேண்டாம். தென்அமெரிக்கச் செடியான கபோம்பா இன்று கேரள நீர்நிலைகளில் மண்டிக் கிடக்கிறது. நம் பக்கத்து நீர்ச்செடியான ஹைட்ரில்லா மீன் தொட்டி வணிகம் வழியாக 1950களில் ஃபுளோரிடா போய், அங்கே ஏரிகளை அடைத்தது. ஒரு கணு போதும், அது வேர்விட்டுவிடும். மொட்டைமாடியில் பரப்பி மொறமொறவென்று காயும்வரை வெயிலில் விடுங்கள். பிறகு பூந்தொட்டிச் செடிகளுக்கு உரமாக, உரக்குழியில் போடலாம்.